மடிப்புக் கமெராவுக்கு என்ன பெறுமதி?

பழைய பொருட்கள் பற்றிய இந்தப் பகுதிக்கு இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மடிப்புக் கமெரா பற்றியவை. மூடினால் தடித்த புத்தகம் போலவும், திறந்தால் தோல் துருத்தியை நீட்டிக்கொண்டு எட்டிப் பார்ப்பது போலவும் இருக்கும் அந்தக் கமெராக்கள் யாழ்ப்பாணத்தில் இன்னும் பல வீடுகளின் அலுமாரிகளில் இருக்கின்றன. ஒரே விடயத்தைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்து ஒன்றாகப் பதில் தந்திருக்கிறோம்.

*எங்கள் அப்பப்பா மலாயாவில் ரயில்வேயில் வேலை செய்து பென்சனோடு திரும்பியபோது கொண்டுவந்த கொடக் கமெரா வீட்டில் இருக்கிறது. உள்ளே 1902, 1909, 1913 என்று ஆண்டுகள் பொறித்திருக்கின்றன. நூறு வருடம் கடந்த சாமான், இலட்சக்கணக்கில் போகும் என்று கனடாவில் இருக்கும் மச்சான் சொல்கிறார். உண்மையா?*
வாசகர், மானிப்பாய்

முதலில் அந்த ஆண்டுகளைப் பார்ப்போம். அவை கமெரா செய்த ஆண்டுகள் அல்ல, காப்புரிமை பெற்ற ஆண்டுகள். ஒரு கமெராவில் பயன்படும் ஒவ்வொரு காப்புரிமைக்கும் ஒரு திகதி வீதம் கொடக் நிறுவனம் வரிசையாகப் பொறித்து வந்தது. பட்டியலின் கடைசி ஆண்டுக்குப் பிறகுதான் உங்கள் கமெரா செய்யப்பட்டிருக்க வேண்டும். அது இரண்டு வருடம் கழித்தும் இருக்கலாம், பத்து வருடம் கழித்தும் இருக்கலாம். மாதிரியின் பெயர் வேறு இடத்தில் இருக்கும். கைப்பிடித் தோலின் கீழும், திறக்கும் மூடியின் உட்புறத்திலும், மேசையில் நிறுத்துவதற்கான சிறிய காலிலும் பாருங்கள். "எண் 1ஏ", "எண் 3ஏ" என்பது போல ஒன்று தெரியும். பின்புறத்தில் ஒடுங்கிய சிறு கதவு ஒன்று இருந்தால் அது ஓட்டோகிராபிக் வகை. 1914இல் அறிமுகமாகி 1930களின் தொடக்கம் வரை வந்தது.

விலையைப் பொறுத்தவரை மச்சானின் கணக்கு பிழை. கொடக்கின் சாதாரண மடிப்புக் கமெராக்கள் இலட்சக்கணக்கில் செய்யப்பட்டவை. வாங்கியவர்கள் கவனமாகப் பாவித்து, கவனமாக எடுத்தும் வைத்தார்கள். அதனால் உலகம் முழுவதும் ஏராளமாகத் தப்பியிருக்கின்றன. நல்ல நிலையில் உள்ள ஒன்று இணைய ஏலங்களில் பெரும்பாலும் 20 முதல் 50 அமெரிக்க டொலருக்குள் போகிறது. டொலர் 300 ரூபாய் என்று வைத்தால் 6,000 முதல் 15,000 ரூபாய். துருத்தி கிழிந்ததோ ஷட்டர் இறுகியதோ என்றால் அதுவும் இல்லை. இலட்சக்கணக்கான விலைகள் விற்பவர்கள் கேட்கும் விலைகள். ஏலத் தளங்களில் "விற்று முடிந்தவை" என்று பிரித்துப் பார்க்கும் வசதி இருக்கிறது. அதே மாதிரி எண்ணைத் தேடி, கடைசியாக விற்ற பத்தின் விலையைப் பாருங்கள். கேட்ட விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள தூரம் உடனே தெரியும்.

ஆனால் ஒன்று. 15,000 ரூபாய்க்கு விற்க வேண்டுமா என்பதையும் யோசியுங்கள். அப்பப்பா மலாயாவில் எடுத்த படங்கள் வீட்டில் இருந்து, அவற்றை எடுத்த கமெராவும் கூடவே இருந்தால், அந்த இரண்டையும் பிரிக்காமல் வைப்பதைத்தான் நாங்கள் சொல்வோம்.

*பின்பக்கச் சிறு கதவால் என்ன பயன்? அதில் இருந்த ஊசி தொலைந்துவிட்டது. விலை குறையுமா?*
வாசகி, கோப்பாய்

குறையும். அந்த உலோக எழுத்தாணி இல்லாத ஓட்டோகிராபிக் கமெராக்களே அதிகம். அதனால்தான் அது இருக்கிற கமெராவைச் சேகரிப்பவர்கள் தேடி எடுக்கிறார்கள். அதே அளவுக் கமெராவின் எழுத்தாணி தனியாகவும் விற்பனைக்கு வரும். கம்பியில் ஒன்று செய்து மாட்ட வேண்டாம், பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

அதன் வேலை மிக அழகானது. படம் எடுத்ததும் கதவைத் திறந்தால் பிலிமின் முதுகுக் கடதாசி தெரியும். எழுத்தாணியால் அதில் அழுத்தி "நல்லூர், ஆவணி 1923" என்று எழுதலாம். கடதாசிக்கும் பிலிமுக்கும் நடுவே மெல்லிய கரித்தாள் ஒன்று உண்டு. எழுத்து அழுத்திய கோடுகளில் அது வெளிச்சத்தை உள்ளே விடும். கதவை மூடாமல் சில விநாடி வானத்தைக் காட்டினால் எழுதியது பிலிமில் பதிந்துவிடும். கழுவிய பிறகு இரண்டு படங்களுக்கு நடுவேயுள்ள வெற்றுக் கீற்றில் அந்தக் கையெழுத்து வரும். ஹென்றி கைஸ்மன் என்பவர் கண்டுபிடித்த இந்த முறைக்குக் கொடக் 3,00,000 டொலர் கொடுத்தது.

ஆகவே, வீட்டில் பழைய நெகட்டிவ்கள் இருந்தால் விளிம்புகளை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். யார், எங்கே, எப்போது என்பது பாட்டன் கையெழுத்திலேயே இருக்கக்கூடும்.

*அப்படியானால் உண்மையில் விலை போகும் மடிப்புக் கமெராக்கள் எவை?*
வாசகர்கள் பலர்

அழகு, அருமை, முழுமை மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தவை. அழகுக்கென்றே செய்யப்பட்டவற்றில் 1928இல் வந்த வனிற்றி கொடக் முன்னுக்கு நிற்கும். பெண்களை நினைத்துச் செய்த கைப்பை அளவுக் கமெரா. சிவப்பு, நீலம், பச்சை, சாம்பல், தவிட்டு நிறம் என ஐந்து நிறங்களில், ஒவ்வொன்றுக்கும் ஒரு பறவையின் பெயரோடு வந்தது. உடல், துருத்தி, பெட்டி மூன்றும் ஒரே நிறம். பலவீனம் அந்த நிறத் துருத்திதான். மடிப்பு மூலைகளில் சீக்கிரம் வெடித்தது. அதனால் பலவற்றில் பின்னாளில் கறுப்புத் துருத்தி மாற்றியிருப்பார்கள். மாற்றிய கமெராவும் மாற்றாத கமெராவும் விலையில் கிட்டவும் வராது.

1930இல் வோல்ரர் டோர்வின் ரீக் என்ற வடிவமைப்பாளர் கொடக்குக்கு எண் 1ஏ பரிசுக் கமெராவை வரைந்தார். முகப்பில் கோணக் கோடுகளோடு மினுக்கிய வண்ணத் தகடு, அதே கோலம் போட்ட மூடியுடன் தேவதாரு மரப்பெட்டி. பெட்டி இல்லாவிட்டால் விலையின் பெரும்பகுதி போய்விடும். அவரே வரைந்த 1936ஆம் ஆண்டு பான்ரம் ஸ்பெஷல், கறுப்பு மினாவில் வெள்ளிக் கோடுகள் ஓடும் சிறு சிப்பி போன்றது. நல்ல நிலையில் இருந்தால் சில நூறு டொலர். வெளிச்சத்தை அளந்து தானே துவாரத்தைத் திருத்திக்கொண்ட முதற் கமெராவான சூப்பர் கொடக் சிக்ஸ்-20, 1938இல் 225 டொலருக்கு விற்றது. செய்யப்பட்டவை எழுநூற்றுச் சொச்சம்தான். இன்று ஆயிரக்கணக்கான டொலர்.

ஜேர்மன் கமெராக்களில் பெறுமதி வில்லையில் இருக்கிறது. வொய்க்லெண்டர் பெசா 2 என்ற ஒரே உடல் பல வில்லைகளோடு வந்தது. அப்போ-லாந்தார் வில்லை உள்ளதுக்குப் பல மடங்கு விலை. சைஸ் ஐக்கன் சூப்பர் ஐக்கொன்ரா 1934 முதல் வந்தது. தூரமானி வேலை செய்தால் இன்றும் படம் எடுப்பவர்களே வாங்குவார்கள். சைஸ் கமெராத் தோலின் கீழ் சிறு கொப்புளங்கள் தெரிந்தால் பயப்பட வேண்டாம். உள்ளே உள்ள பித்தளை ஆணி தோலோடு சேர்ந்து களிம்பு பிடித்திருக்கிறது. நசுக்கித் தட்டையாக்கப் போனால் தோல் வெடிக்கும்.

வெஸ்ற் பொக்கற் கொடக் பற்றியும் கேட்டிருக்கிறார்கள். முதல் உலகப் போரில் போர்வீரர்கள் சட்டைப்பையில் கொண்டுபோனது. 1924இல் எவரெஸ்ற் ஏறி மறைந்த மலோரியிடம் இருந்ததும் இந்த வகை என்று சொல்லப்படுகிறது. 1999இல் அவரது உடல் கிடைத்தபோதும் கமெரா கிடைக்கவில்லை. கதை பெரிது, ஆனால் பதினைந்து இலட்சத்துக்கு மேல் செய்த கமெரா என்பதால் விலை சாதாரணம்தான்.

*கமெராவின் பித்தளைப் பாகங்கள் கறுத்துவிட்டன. புளி போட்டு மினுக்கலாமா? தோலுக்குத் தேங்காய் எண்ணெய் பூசலாமா?*
வாசகி, சுன்னாகம்

இரண்டும் வேண்டாம். இந்தப் பதிலைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறோம், ஏனென்றால் யாழ்ப்பாணத்துக் கமெராக்கள் பாவிப்பால் கெட்டதை விடத் துப்புரவாக்கிக் கெட்டது அதிகம்.

குத்துவிளக்கும் கமெராவும் ஒன்றல்ல. கமெராவின் பித்தளைக்கு மேல் தொழிற்சாலையில் மெல்லிய லக்கர் பூச்சு அடித்திருப்பார்கள். தேன் நிறமாகத் தெரிவது அதுதான். புளி, தேசிக்காய், சாம்பல், பிராசோ எதுவானாலும் அந்தப் பூச்சை அரித்து எடுத்துவிடும். ஒரு நாள் பொன்னாக மின்னும், அடுத்த மாரிக்குள் முன்னையை விடக் கறுக்கும். எண் தகடுகளில் நிரப்பிய கறுப்பு மையும் புளியோடு கழுவுப்பட்டுப் போகும். சேகரிப்பவர் கையில் எடுத்ததும் முதலில் பார்ப்பது இந்தப் பூச்சு அப்படியே இருக்கிறதா என்பதைத்தான். செய்ய வேண்டியது இவ்வளவே: மெல்லிய தூரிகையால் தூசி தட்டுங்கள், சிறிது ஈரமான பருத்தித் துணியால் துடையுங்கள், உடனே உலர்ந்த துணியால் ஈரத்தை எடுங்கள்.

தேங்காய் எண்ணெய் தோலுக்குள் இறங்கிச் சிக்குப் பிடிக்கும். பூஞ்சணத்துக்கும் கரப்பொத்தானுக்கும் அது விருந்து. அதோடு இந்தக் கமெராக்கள் பலவற்றில் வெளியுறை தோலே அல்ல, தோல்போல அச்சடித்த துணி. எண்ணெய் பட்டால் பசை விட்டுக் கழன்று வரும். உண்மைத் தோல் என்று உறுதியானால் நிறமில்லாத மெழுகுப் பூச்சை ஒரு மிளகு அளவு எடுத்து, முதலில் அடிப்பக்கத்தில் தேய்த்துப் பார்த்துவிட்டுப் பூசலாம். துருத்தியில் எதையும் பூச வேண்டாம்.

வில்லையில் சிலந்தி வலை போல வெள்ளை நூல்கள் தெரிந்தால் அது பூஞ்சணம். வெளிப்பரப்பில் என்றால் ஐசோபுரோப்பைல் அற்ககோலில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஒரு தரம் துடைத்து, பஞ்சை எறிந்து புதியது எடுங்கள். வில்லைகளுக்கு நடுவே என்றால் கழற்றத் தெரிந்தவரிடம் கொடுங்கள். ஷட்டர் இறுகியிருந்தால் தையல் மெசின் எண்ணெய் விடாதீர்கள். அது இதழ்களில் பரவி அவற்றை ஒட்டவைக்கும். பழைய எண்ணெய் காய்ந்து பிசினாகியதால்தான் ஷட்டர் இறுகியது, மறுபடி எண்ணெய் விட்டால் அதே வருத்தம் திரும்பி வரும்.

*மாரி காலத்தில் எப்படி வைப்பது?*
வாசகர், பருத்தித்துறை

ஐப்பசி முதல் மார்கழி வரையான ஈரமும் உங்கள் பக்கத்து உப்புக்காற்றும் சேர்ந்தால் கமெராவுக்கு ஆபத்துத்தான். தோல் பையில் போட்டு வைக்காதீர்கள். பை ஈரத்தைக் குடித்து வைத்திருக்கும். பையையும் எறியாதீர்கள், அது பெறுமதியின் பங்கு. இரண்டையும் தனித்தனியாக வையுங்கள்.

காற்றுப் புகாத, இறப்பர் விளிம்புள்ள பிளாஸ்ரிக் பெட்டி எடுங்கள். பத்து லீற்றர் பெட்டிக்கு 100 முதல் 150 கிராம் சிலிக்கா ஜெல், அத்தோடு சிறிய ஈரமானி ஒன்று. ஈரப்பதன் 40 முதல் 50 வீதத்துக்குள் நிற்க வேண்டும். 60ஐத் தாண்டினால் பூஞ்சணம், 30க்குக் கீழே போனால் துருத்தித் தோல் காய்ந்து வெடிக்கும். ஆகவே ஜெல்லை அள்ளிக் கொட்டுவதும் பிழை. நீல நிற ஜெல் இளஞ்சிவப்பாக மாறினால் 110 முதல் 120 பாகை வெப்பத்தில் ஒன்றிரண்டு மணித்தியாலம் காயவைத்துத் திரும்பப் பாவிக்கலாம். நீலத்தில் கோபால்ற் உப்பு இருக்கிறது. அது நஞ்சு, சமைக்கும் தாச்சியில் வறுக்காதீர்கள். நப்தலின் உருண்டை போடுவதையும் நிறுத்துங்கள், அதன் ஆவி வில்லையில் படியும். அரிசிக்குள் புதைத்தால் மாவும் வண்டும்தான் மிஞ்சும்.

*திறந்த கமெராவை மூட முடியவில்லை. அழுத்தினால் உடைந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.*
வாசகி, சாவகச்சேரி

அழுத்தாமல் விட்டது நல்ல வேலை. மூடாததற்குக் காரணம் பெரும்பாலும் நான்கில் ஒன்று. தூர அளவு முடிவிலியில் இல்லை. வில்லை தாங்கி தண்டவாளத்தில் முழுக்கப் பின்னுக்குப் போகவில்லை. வில்லையை மேலே அல்லது பக்கத்துக்கு நகர்த்தும் திருகு நடுவில் இல்லை. நாலாவதைத்தான் பலர் மறப்பார்கள்: வில்லைக்குப் பக்கத்தில் உள்ள சிறு காட்சிக் கண்ணாடியைப் படுக்கைப் படத்துக்காகச் சரித்திருப்பார்கள். அது நிமிர்ந்து நிற்காவிட்டால் மூடியில் முட்டும். நான்கையும் சரி பார்த்துவிட்டு, இரண்டு பக்கத் தாங்கு கம்பிகளையும் ஒரே நேரத்தில் கட்டை விரல்களால் உள்ளே அமுக்குங்கள். மூடி தானாக மேலே வரும். வராவிட்டால் திரும்ப முதலிலிருந்து பாருங்கள்.

துருத்தியைச் சோதிக்க இரவில் அறையை இருட்டாக்கி, பின்கதவைத் திறந்து, சிறிய ரோச் லைற்றை உள்ளே விட்டுத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். ஓட்டைகள் மடிப்பு மூலைகளில் நட்சத்திரம் போலத் தெரியும். அக்பா ஐசொலெற் என்ற ஜேர்மன் மடிப்புக் கமெராவில் இது கிட்டத்தட்ட நிச்சயம். அதன் துருத்தி தோலல்ல, பூச்சுப் பூசிய துணி. ஊசித் துவாரங்களுக்குத் துணிக்குப் பூசும் கறுப்பு அக்ரிலிக் வர்ணத்தைப் பூச்சிய எண் தூரிகையால் மெல்லியதாக இரண்டு தரம் தொட்டு, 24 மணித்தியாலம் திறந்தபடி காயவிடுங்கள். கறுப்பு ரேப் ஒட்ட வேண்டாம். அந்தத் தடிப்புக்கு மடிப்பு மடியாது, பக்கத்தில் புதிதாக வெடிக்கும்.

*நல்லூரில் சிறிய விருந்தினர் விடுதி நடத்துகிறோம். வரவேற்பறைக்கு ஐந்தாறு மடிப்புக் கமெராக்கள் அலங்காரமாக வைக்க விருப்பம். ஒருவர் தேக்கு மரமும் பித்தளையுமான பழைய கமெரா ஒன்றை நல்ல விலைக்குத் தருவதாகச் சொல்கிறார்.*
வாசகர், நல்லூர்

அலங்காரத்துக்கு வேலை செய்யும் கமெரா தேவையில்லை. ஷட்டர் இறுகியது, வில்லை மங்கியது, 122 அல்லது 116 என்ற அளவுப் பிலிம் கேட்பது என்றால் நல்லது. 122 பிலிம் 1971இலும் 116 பிலிம் 1984இலும் நின்றுவிட்டன, அவற்றால் படம் எடுக்க நினைப்பவர் குறைவு, விலையும் குறைவு. 120 பிலிம் போடும் ஐக்கொன்ரா, நெற்றார் போன்றவற்றை எடுத்து அலங்காரமாக நிறுத்தாதீர்கள். 1901இல் வந்த 120 இன்றும் கிடைக்கிறது, அந்தக் கமெராக்கள் படம் எடுப்பவர் கையில் இருக்க வேண்டியவை. தபாலட்டை அளவுப் படம் எடுக்கும் எண் 3ஏ ஒன்றை நடுவில் வையுங்கள், அறைக்கே ஒரு கம்பீரம் வரும். சிவப்புத் துருத்தி இருந்தால் யன்னல் வெயில் படாத இடத்தில் கண்ணாடி அலுமாரிக்குள் வையுங்கள். மாதம் ஒரு தடவை ஒரு நாளாவது மூடி வைத்தால் துருத்தி தொய்யாது. துளை போட்டு மேசை விளக்காக மாற்ற மட்டும் வேண்டாம். ஒரு திருகாணித் துளையோடு கமெரா முடிந்தது.

தேக்குக் கமெரா விடயத்தில் நின்று நிதானியுங்கள். வெப்ப நாடுகளுக்கென்றே செய்த "ட்ரொபிக்கல்" கமெராக்கள் உண்மையில் உண்டு. நம் போன்ற காலநிலையில் தோலுறை பூஞ்சணம் பிடிக்கும், பூச்சி அரிக்கும், பசை விடும் என்பதால் உடலை மினுக்கிய தேக்கில் செய்து, பொருத்துகளைப் பித்தளைத் தகட்டாலும் திருகாணியாலும் இறுக்கினார்கள். இங்கிலாந்தின் சாண்டர்சன், ஜேர்மனியின் ஐக்கா, கொன்ரெஸா-நெற்றல் என்பவை பெயர் பெற்றவை. மடிப்புக் கமெராக்களிலேயே சேகரிப்பவர் மிக விரும்புவது இவற்றைத்தான். அதனாலேயே அலங்காரத்துக்கென்று இப்போது செய்யும் பித்தளை, மரக் கமெராக்களும் பழையது என்ற பெயரில் விலைப்படுகின்றன.

கையில் வாங்கியதும் திருகாணித் தலையைப் பாருங்கள். கூட்டல் குறி போல் வெட்டு இருந்தால் அந்த வகை 1930களுக்குப் பிறகுதான் வந்தது. 1910ஆம் ஆண்டுக் கமெராவில் அதற்கு இடமில்லை. அடுத்து ஷட்டரைத் தட்டுங்கள், இதழ்கள் திறந்து மூட வேண்டும். போலியில் ஷட்டரே இருக்காது. பின்னால் தேய்த்த கண்ணாடித் தட்டும் அதற்குரிய சட்டமும் இருக்க வேண்டும். வில்லையின் வளையத்தில் செய்தவர் பெயரும் தொடர் எண்ணும் தேடுங்கள். கடைசியாக, கை படும் இடம் தேய்ந்தும் படாத மூலை கறுத்தும் இருக்கிறதா? எல்லா இடமும் ஒரே மாதிரி மங்கியிருந்தால் அது காலத்தால் மங்கியது அல்ல, மருந்தால் மங்கவைத்தது.

*அம்மம்மாவின் அண்ணர் வைத்திருந்த கமெராவின் சிவப்புக் கண்ணாடியில் 5 என்ற எண் தெரிகிறது. உள்ளே பிலிம் இருக்கிறதா? திறந்து பார்க்கலாமா?*
வாசகி, வட்டுக்கோட்டை

இருக்கிறது. திறக்காதீர்கள். இந்த மாதக் கடிதங்களில் மிகப் பெறுமதியானது உங்களுடையதுதான். கமெரா எந்த மாதிரி என்று நீங்கள் எழுதவில்லை, அது தேவையும் இல்லை.

அந்தக் கண்ணாடியில் தெரிவது பிலிமின் முதுகுக் கடதாசியில் உள்ள பட எண். ஐந்து தெரிகிறது என்றால் நாலு படமாவது எடுத்திருக்க வேண்டும். சிவப்புக் கண்ணாடிக்கு மேல் இப்போதே கறுப்பு ரேப்பை ஒட்டுங்கள். திருப்பும் சாவியை நீங்கள் சுற்ற வேண்டாம். பல பத்தாண்டு சுருண்டிருந்த பிலிம் மொறுமொறுத்திருக்கும், முதுகுக் கடதாசி அதோடு ஒட்டியிருக்கும். இழுத்தால் கிழியும். கறுப்பு வெள்ளைப் பிலிம் கழுவத் தெரிந்தவரிடம் கமெராவோடு கொடுங்கள். அவர் முழு இருட்டில் மிக மெதுவாகச் சுற்றி எடுப்பார். பழைய பிலிமில் மூட்டம் அதிகம் வரும் என்பதால் மூட்டத்தை அடக்கும் டெவலப்பரைப் பாவிக்கச் சொல்லுங்கள், பிலிமின் முனையில் ஒரு துண்டு வெட்டி நேரத்தைச் சோதித்த பிறகே மிச்சத்தைக் கழுவச் சொல்லுங்கள். கடையில் கலர் பிலிம் கழுவும் இயந்திரத்தில் போட்டால் எல்லாம் போய்விடும்.

அந்த அலுமாரியில் பழைய நெகட்டிவ்களும் இருந்தால் மணந்து பாருங்கள். 1950களின் தொடக்கத்துக்கு முந்திய சுருள் பிலிமில் நைத்திரேற்று வகை உண்டு. பழுப்பாகி, பிசுபிசுத்து, மூக்கைக் குத்தும் அமில மணம் வந்தால் அது சிதைகிறது. இலகுவில் தீப்பற்றும். தகரப் பெட்டியில் பூட்டி வைக்காமல், ஒவ்வொன்றாகக் கடதாசி உறையில் போட்டு, குசினிக்குத் தூரமாகக் காற்றோட்டமுள்ள இடத்தில் வையுங்கள். சிதையத் தொடங்கியதை முதலில் ஸ்கான் செய்யுங்கள். இடப்பெயர்வுகளில் எத்தனையோ வீட்டு அல்பங்கள் அழிந்த ஊர் இது. கழுவி வருவது பழுதான படமாக இருந்தாலும், நூலக நிறுவனத்தின் ஆவணகம் போன்ற எண்ணிமச் சேகரிப்புக்கு ஒரு பிரதி கொடுங்கள். படத்தில் உள்ளவர்களின் பெயரை அடையாளம் சொல்லக்கூடிய பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, உறையின் மேல் பென்சிலால் எழுதிவிடுங்கள். பேனா மை ஊறும்.